ஒரு வாய்க்கு ஓர் இறகு

நெருங்கி உட்காருங்கள் கண்ணுகளா, சின்னக் கதைதான், சொல்லிவிடுகிறேன். பிலோமினா வளர்த்த காக்கட்டீல் கிளி ஜோடிக்கு ஒரே குஞ்சு. குஞ்சின் முதுகில் ஓர் இறகைப் பிடுங்கிவிட்டுத்தான் தாயும் தகப்பனும் அதற்கு ஒரு வாய் ஊட்டும். முதுகெல்லாம் ரத்தம் கட்டிப்போனதைப் பார்த்து, அவள் குஞ்சைத் தனியே எடுத்துவந்தாள். வெதுவெதுப்பான கூழை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து நீட்டினாள். ஒரு பகல் முழுக்க அது வாய் திறக்கவில்லை.

"ஒன் சமையல் அதுக்கும் தெரிஞ்சு போச்சுட்டி," என்றான் புருஷன் சவரிமுத்து.

"சும்மா கெடங்க. இப்பத் திங்கலன்னா செத்துரும்."

குஞ்சு தலையைத் தாழ்த்தி, முதுகை அவள் விரலுக்குக் கீழே கொண்டுவந்து, அசையாமல் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்கு விளங்கியது. முளைவிட்டிருந்த ஓர் இறகை நகத்தால் பிடித்து இழுத்தாள். குஞ்சு துடித்தது. பிறகு வாயை அகலத் திறந்தது.

"திங்குதே," என்றான் சவரிமுத்து, சந்தோஷமாக. "இன்னும் குடு."

கூழை விழுங்கிய குஞ்சு அடுத்த வாய்க்கு முதுகைக் காட்டியது.

உங்கள் வீட்டில் எந்தப் பிள்ளைக்கும் வலிக்காமல் சோறு இறங்கட்டும்.