வாயசைப்பு

"சித்தி, நீங்க வாயை மட்டும் அசைங்க. பாட்டைக் கேசட்டு பார்த்துக்கும்."

"மாட்டேன்" என்றார் சகாயம்மாள்.

விழாவுக்கு அவரை அழைத்திருந்த அக்கா மகன் டேவிட்சன் விடவில்லை. திருத்துறைப்பூண்டியை அடுத்த அவ்வூரில், அறுவடை முடிந்த வயலில் தை விழாவுக்கு மேடை எழுந்திருந்தது. அதன் பின்னே கீற்றுத் தடுப்புக்குள் அமர்ந்திருந்தார் சகாயம்மாள். ஒரு காலத்தில் சுவரொட்டிகளில் 'டிஸ்கோ ஸ்டெல்லா' என்று மின்னியவர். பனிக்குக் கழுத்தைச் சுற்றியிருந்த மப்ளருக்குள் வலக்கையை வைத்திருந்தார்.

"ஜனங்க உங்க பழைய குரலைக் கேட்கத்தான் வந்திருக்காங்க."

"அது கேசட்டுல இருக்கு. நான் இங்க இருக்கேன். நீ யாரைக் கூப்பிட்டே?"

"சிரிப்பாங்க சித்தி. ஃபோன்ல பிடிச்சு ஊர் பூரா அனுப்புவாங்க."

"பளபளா பேண்ட் போட்டு நான் ஆடினப்ப, மாதா கோயில்ல உங்கம்மாவே என் பக்கத்துல உட்காரல. அதுக்கே நிறுத்தாதவ, சிரிப்புக்கா நிறுத்துவேன்?"

ஏற்ற இறக்கமற்ற அக்குரல் தீர்ப்புரைப்பதுபோல் ஒலித்தது.

ஆர்கெஸ்ட்ரா நடத்தும் கண்ணுசாமி தடுப்பை விலக்கி எட்டிப் பார்த்தார்.

"அம்மா, உங்க பாட்டு ஆரம்பத்துல ரோபோ மாதிரி 'நிறுத்தாதே... நிறுத்தாதே...'ன்னு வருமே, அதுக்கே விசில் பறக்கும். கீபோர்டுல செஞ்சு வச்சிருக்கேன்."

"அதையும் நானே பாடுவேன். அந்தக் குரல் வரணும்னு ஸ்டூடியோவுல பாதி நாள் என்னைத் தகர டப்பாவுக்குள்ள பாட வச்சாங்க. கஷ்டப்பட்டது நான், பேரு உங்க கீபோர்டுக்கா?"

கண்ணுசாமி டேவிட்சனைப் பார்த்தார்.

"கேசட்டு ஓடுச்சுன்னா மேடையை விட்டு இறங்கிடுவேன், சொல்லிட்டேன்."

"உங்களைக் காப்பாத்தத்தான் பார்க்கறேன் சித்தி."

"காப்பாத்தினது போதும். இந்தக் கையைப் பிடி, படி உசரமா இருக்கு."

இடக்கையை அவன் தாங்க, மேடையேறினார். டிரம்ஸ் அதிர்ந்தது. மைக் முன் நின்றவர் மப்ளரை அவிழ்த்து டேவிட்சன் தோளில் போட்டார்.

புற்றுநோய் குரல்வளையையே கொண்டுபோன மிடற்றில் ஒரு துளை தெரிந்தது. அதற்குச் சற்று மேலே, இதுவரை அவர் பேசிய ஒவ்வொரு சொல்லுக்கும் ஒலி தந்த டார்ச் லைட் அளவுக் கருவியை வலக்கை அழுத்திப் பிடித்திருந்தது. அவர் வாயசைக்க, தகர டப்பாவும் கீபோர்டும் இல்லாமலே "நிறுத்தாதே... நிறுத்தாதே..." என்று எழுந்த அசல் எந்திரக் குரலுக்கு வயலெங்கும் விசில் பறந்தது.