காளையா, குதிரையா?

"காளைதான்ப்பா! திமில் தெரியுது பாரு!" மைக் இல்லாமலே மைக்கில் பேசுகிற குரல் தங்கபாண்டிக்கு.

"திமிலா? அது சேணம்யா. எங்க அய்யனார் குதிரை!" கண்ணுச்சாமியின் குரல் தேய்ந்த பிரேக் மாதிரி கீச்சிடும்.

சிலமலைப் பக்கம், குடிதண்ணீர்க் குழாய்க்குத் தோண்டிய பள்ளத்தில் கிடைத்த பழங்காலச் செப்புக்காசு. களிம்பேறித் தேய்ந்து, ஒரு பக்கம் மட்டும் ஏதோ நாலுகால் மிருகம்.

காளை என்றால் இடம் சிவன் கோயில் தெருவுக்கு. குதிரை என்றால் அய்யனார் கோயில் தெருவுக்கு. முடிவு தெரியாமல் பள்ளத்தில் மண்வெட்டி இறங்கக் கூடாது என்று இரண்டு தெருவும் மறித்துவிட்டன. பெண்கள் மலையில் ஏலக்காய் எடுத்துவிட்டு ஜீப்பில் வந்து இறங்கி, பழையபடி ஒரு கிலோமீட்டர் குடம் சுமந்தார்கள்.

காசைக் கண்டெடுத்தவள் சுந்தரம்மாள். பிறந்தது ஒரு தெரு, வாக்கப்பட்டது மறு தெரு. அதனால் தொல்லியல் ஆபீசர் வரும்வரை அவளிடமே இருக்கட்டும் என்றார்கள்.

ஆபீசர் வந்தார். ஊரே கூடியது. சுந்தரம்மாள் முந்தியில் முடிந்திருந்ததை அவிழ்த்து நீட்டினாள். பளபளவென்று மின்னியது.

"என்னாத்தா பண்ணுன?" தங்கபாண்டி பதறினார்.

"அழுக்கா இருந்துச்சுண்ணே. புளியும் செங்கப்பொடியும் போட்டுத் தேச்சேன்."

காசு வழவழவென்று இருந்தது. காளையும் இல்லை, குதிரையும் இல்லை.

"கூறுகெட்டவளே! ரெண்டாயிரம் வருசத்துச் சாமியைப் பாத்திரம் மாதிரி விளக்கிப்புட்டியே!" முதல் முறையாக இரண்டு தெருவும் ஒரே குரலில் திட்டின. அவள் தலை குனிந்து நின்றாள்.

ஆபீசர் லென்சு வைத்துப் பார்த்தார். அவளையும் ஒரு தடவை பார்த்தார்.

"இதுல படிக்க ஒண்ணுமே இல்லைங்க."

கூட்டம் முனகிக்கொண்டே கலைந்தது. "பெறகென்ன, வெரசா சோலியப் பாருங்கப்பா" என்றார் கண்ணுச்சாமி. பள்ளத்தில் மண்வெட்டி இறங்கியது.

ஜீப்பில் ஏறப் போன ஆபீசர் குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, நீ தேச்சது வெள்ளைக்காரன் காலத்துக் காலணா. எனக்குத் தெரியாதா? அசல் எங்க?"

சுருக்குப்பையிலிருந்து பச்சைக் களிம்போடு வெளியே வந்தது அது. "பத்திரமா வச்சுக்கங்க சார்."

லென்சு மறுபடி குனிந்தது. "அடடா, ரெண்டுமே இல்லைம்மா. தும்பிக்கை தேஞ்சுபோன யானை!"

"மெதுவா சார்! பிள்ளையார் கோயில் தெரு இன்னும் சண்டைக்கு வரலை. குழாய்ல தண்ணி வரட்டும், அப்புறமாச் சொல்லுங்க."