லோ வோல்டேஜ்

“நீ கேக்கு சுடுவியோ, கேவுரு அடை சுடுவியோ, எனக்கு அதப் பத்தி இல்லமா. நீ அந்த மிஷினப் போட்டா எங்க வூட்டு பல்பு அழுவுது. தறியில ஒக்காந்தா இழை கண்ணுக்குத் தெரியல. இதெல்லாம் நல்லா இல்ல, சொல்லிட்டேன்!”

எதிர்வீட்டு ரேணுகாம்பாள் காலையிலேயே வந்து பொரிந்து தள்ளினாள்.

துர்காதேவியும் லேசுப்பட்டவள் இல்லை.

“நானும் கரண்ட் பில்லு கட்டிக்கினுதான்கா இருக்கறேன். இன்னிக்கு இந்தக் கேக்கு ஒழுங்கா போய்ச் சேரலைன்னா என் பொழப்பே போயிடும். அப்ப நீயா வந்து சோறு போடுவ?”

ரேணுகாம்பாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

பொழப்பு போகும் என்று சொன்னதில் பொய்யே இல்லை. சின்ன காஞ்சிபுரத்தில் நர்சரி பள்ளி நடத்தும் வரலக்ஷ்மி, தன் மகள் பிறந்தநாளுக்கு முட்டை போடாத கேக் கேட்டிருந்தாள். நன்றாக வந்தால், இனிமேல் பள்ளிக்கூடத்துப் பிறந்தநாளுக்கெல்லாம் துர்கா வீட்டுக் கேக்தான். ஏற்கெனவே ஒரு முறை கொடுத்தது நடுவில் அமுங்கிப் போயிருந்தது. “இன்னும் ஒரே ஒரு தரம் பார்க்கறேன் துர்கா” என்று வரலக்ஷ்மி சொல்லியிருந்தாள். அதற்குமேல் அவளிடம் கேட்பதற்கு துர்காவுக்கு வாயில்லை.

கத்திரி வெயில் மண்டையைப் பிளந்தது. ஓவன் நன்றாகச் சூடேறிய பிறகுதான் மாவை உள்ளே வைத்தாள். வைத்ததுதான் தாமதம், செக்கச்செவேல் என்று இருந்த கம்பி மங்கிக் கறுத்துவிட்டது.

லோ வோல்டேஜ்!

சோடா கலந்த மாவு யாருக்காகவும் காத்திருக்காது. சூடு ஏறாவிட்டால் பொசுக்கென்று உட்கார்ந்துவிடும். மறுபடி கலக்க வீட்டில் மைதாவும் இல்லை, நேரமும் இல்லை.

கணவன் தேவேந்திரன் நெய்து முடித்த சேலையைக் கொடுக்கக் கடைக்குப் போயிருந்தான். இடுப்பில் பத்து மாதப் பாப்பா. கீழே விட்டால் நேராகத் தறிக்குழிக்குத் தவழும். நாலு வயது குகனோ அரைத்து வைத்திருந்த சர்க்கரையில் முழங்கை வரை இறங்கியிருந்தான்.

“டேய் கண்ணு, எதிர்வூட்டுல போய் டிவி பாருடா. அம்மா கூப்புடற வரைக்கும் வராத.”

காலையில் சண்டை போட்ட வீடுதான். அவசரத்துக்கு ரோஷம் பார்த்தால் ஆகுமா?

குகன் போன வேகத்தில் திரும்பி வந்தான்.

“ரேணு பெரிம்மா டிவி போட மாட்டேன்னுட்டாங்கமா.”

துர்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெரியவர்கள் சண்டையைப் பச்சைக் குழந்தையிடமா காட்டுவது?

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். ரேணுகாம்பாள் வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வாசலிலும் நின்று, துர்காவின் வீட்டுப் பக்கம் கையை நீட்டி என்னவோ சொன்னாள். கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்கள். போன கையோடு வெளியே வந்து நிழலில் உட்கார்ந்துகொண்டார்கள். தறிச் சத்தமும் ஒவ்வொரு வீடாக ஓய்ந்தது. ரேணுகாம்பாளின் கணவர் கண்ணாயிரம்கூடத் தறியை விட்டு எழுந்து வந்து, துண்டால் விசிறிக்கொண்டு வாசலில் நின்றார்.

‘ஆள் சேக்குறா! தெருவையே கூட்டிக்கினு வந்து மிஷினப் புடுங்கி வீசப் போறா!’

அந்த நேரம் பார்த்து குகன் சர்க்கரை டப்பாவைக் கவிழ்த்தான். முதுகில் ஒன்று வைத்தாள். அவன் ஓவென்று அழ, பாப்பாவும் சேர்ந்துகொண்டது. பிள்ளையை அடித்துவிட்டோமே என்று துர்காவுக்கும் கண்ணில் நீர் முட்டியது.

“இன்னா, ஆச்சா?” வாசலிலிருந்து ரேணுகாம்பாளின் குரல்.

“ஆவல!”

கோபத்தோடு திரும்பியவள் ஓவனைப் பார்த்து அப்படியே நின்றாள். கம்பி சிவக்கத் தொடங்கியிருந்தது. கண்ணுக்கெதிரே தகதகவென்று ஏறியது. கண்ணாடிக்குள் மாவு மெல்ல மேலே எழும்பியது.

“அம்மா காமாட்சி! கண்ணத் தொறந்துட்டியே!” கோயில் இருக்கும் திசையைப் பார்த்து, பாப்பாவின் கையையும் சேர்த்துக் கும்பிட்டாள்.

“இன்னுமா ஆவல?” மறுபடியும் அதே குரல்.

“ஆவும்போது ஆவும்கா! கழுத்துல கத்திய வெக்காத!”

குகனை மடியில் போட்டு முதுகைத் தடவிக்கொண்டே ஓவனை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் கதவைத் திறந்து, ஈர்க்குச்சியால் குத்திப் பார்த்தாள். ஒட்டவில்லை. நடுவில் ஒரு பள்ளம் இல்லை. வீடு முழுக்க வெண்ணெய் வாசனை. போன உயிர் திரும்பி வந்தது.

கதவு படபடவென்று தட்டப்பட்டது.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு திறந்தாள். எதிரே ரேணுகாம்பாள். ரவிக்கை தொப்பலாக நனைந்திருந்தது. தெருவே இவள் வாசலைப் பார்த்தபடி இருந்தது.

“இன்னாக்கா வேணும் உனக்கு? கூட்டம் சேத்துக்கினு சண்டைக்கு வந்தியா? வா, நானும் ரெடிதான்!”

“சண்டை கெடக்குது, அத நாளைக்குப் போட்டுக்கலாம். கேக்கு வெந்துச்சா, இல்லியா? அத மொதல்ல சொல்லு.”

“வெந்துடுச்சு.”

முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே ரேணுகாம்பாள் தெருப் பக்கம் திரும்பினாள்.

“வெந்துடுச்சாம்டி! எல்லாரும் போய் ஃபேனப் போட்டுக்குங்க!”