அது வேர்க்குரு இல்லை

“என்னங்க, கையெல்லாம் வேர்க்குருவா? பவுடர் தரட்டுமா?”

“வேர்க்குரு இல்லைங்க. நீங்க பாடினீங்கல்ல, புல்லரிச்சிருச்சு.”

பெண் பார்க்க வந்த அன்று, சட்டைக் கையை இழுத்து மூடியபடி திருமாறன் சொன்ன பதில் அது. பவுடர் தரட்டுமா என்று கேட்ட பூவிழி அதுவரை புல்லரிப்பைக் கண்டதே இல்லை. மனித மூதாதைக்கு உடம்பெல்லாம் ரோமம் இருந்த காலத்து மிச்சம் என்று, கருவிலேயே எல்லோருக்கும் அதை நீக்கிவிடுகிறார்கள். திருமாறனின் பெற்றோர் நீக்கவில்லை. பள்ளியில் அவனைக் ‘குரங்கு’ என்றே கூப்பிட்டார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு அவன் கையைப் பார்த்துக்கொண்டேதான் அவள் பாடினாள்.

இன்று, கர்ப்பிணியான பூவிழியைச் சோதித்துவிட்டு டாக்டர் கேட்டார். “குழந்தைக்கு ஞானப்பல், புல்லரிப்பு ரெண்டையும் எடுத்துரலாமா?”

“எடுத்துருங்க டாக்டர். நான் பட்டது போதும்,” என்றான் திருமாறன்.

அவன் மனம் நோகுமே என்று இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்ததைப் பூவிழி இன்று கேட்டுவிட்டாள்.

“பல்லை எடுத்துக்கங்க டாக்டர், புல்லரிப்பு இருக்கட்டும். ஏங்க, என் பாட்டு நல்லா இருக்குன்னு நீங்க ஒருநாளாவது வாயால சொல்லியிருக்கீங்களா? உங்க கைதான் சொல்லுச்சு. அந்தக் கை என் குழந்தைக்கும் வேணுங்க.”