எட்டாம் மாசத்து நடை

வண்டியூர் வீட்டின் வாசற்படியில் பூசிய மஞ்சள் இன்னும் காயவில்லை. நாகஜோதியின் நாத்தனார் பேச்சியின் மகள் ஒன்பதாம் மாசத்திலேயே தவழ்ந்து படி தாண்டிவிட்டாள். அதற்காக உடைத்த தேங்காயின் தண்ணீர் கல்லில் வழிந்து மாலை வெயிலில் மினுங்குகிறது. சர்க்கரை தூவிய தேங்காய்ச் சில்லைத் தெருவுக்கெல்லாம் கொடுத்துவிட்டு, கடைசித் துண்டை நாகஜோதியின் கையில் வைக்கிறாள் பேச்சி. நாகஜோதியின் மடியில், ஒன்றே கால் வயதாகியும் எழுந்து நிற்காத மகன். "எம்மக கலெக்டருதான், பாத்துக்கிரு. ஒம்மகன் ஏன் இம்புட்டு மந்தமா இருக்கான்? எந்தம்பி எட்டாம் மாசமே நடந்தவன்." "தெரியும் மதினி. பொண்ணு பாக்க வந்தன்னைக்கே சொன்னீங்க." மகன் அவள் வளையல்களை முழங்கைவரை தள்ளுகிறான், அவை சரிந்து இறங்க, சலிக்காமல் மறுபடி தள்ளுகிறான். மண்ணே படாத அவன் பாதங்களை அவள் முந்தானையால் மூடுகிறாள். உள்ளே, மூன்று வேலைகளை விட்டுவிட்டு இரண்டு வருஷமாகக் கட்டிலில் படுத்தபடி செல்போன் பார்க்கும் அவள் புருஷன் அருள்பாண்டி புரண்டு படுக்கிறான். தண்ணீர்க் குடம் அவன் தலைமாட்டிலிருந்து நாலடி தூரத்தில் இருக்கிறது. "ஏ ஜோதி," என்கிறான், "ஒரு செம்பு தண்ணி மோந்துட்டு வா."