வாசல்வரை வந்த சேறு

எழுதிப் பழக்கமில்லாத நான் இதை எழுதத் துணிந்தமைக்குப் பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

பன்றிக் காய்ச்சல் பரவிய ஆண்டில், உத்திரமேரூரில் ஒரு வாடகை வீட்டில் சக ஆசிரியை சைமாவும் நானும் குடியிருந்தோம். சைமாவுக்குக் காய்ச்சல் கண்டதும் உள்ளறையில் படுக்க வைத்தேன். அவள் பாயைவிட்டு எழவில்லை. ஆயினும் காலைதோறும் வாசலில் அவளுடைய செருப்பு ஏரிச் சேற்றுடன் ஈரமாகக் கிடந்தது.

நான் கேட்டபோது மூச்சிரைக்கச் சிரித்தாள்.

"இன்னாடி டீச்சரம்மா, பாத்ரூம் போவவே உன் தோள் வேண்டிகீது. நான் எங்கடி ஏரிக்குப் போவேன்? நீ ஊர் சுத்திட்டு என் தலைல கட்றியா?"

காய்ச்சல் மேலும் ஏறியது. வீட்டுக்கார பாமா அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி சொன்னார்.

"சீக்காளி பொருளையெல்லாம் கொளுத்திடும்மா. இல்லாங்காட்டி நீயும் படுத்துக்குவ."

சைமா பிழைத்தால் போதும் என்றிருந்தது. அன்று மாலையே அவளுக்குப் புதுப் பாய் விரித்துவிட்டு, பழைய பாயையும் செருப்பையும் கொளுத்தினேன்.

மறுநாள் காலை, வெறுங்கால்களின் சேற்றுத் தடங்கள் தெருவிலிருந்து வாசற்படிவரை வந்து நின்றிருந்தன. உள்ளே சைமா எழுந்து அமர்ந்திருந்தாள். காய்ச்சல் இல்லை. அவள் பாதங்கள் சுத்தமாக இருந்தன.

"நீங்க நாஷ்டா சாப்ட்டீங்களா?" என்று என்னைப் பணிவாகக் கேட்டாள்.

இன்றும் அப்படியே கேட்கிறாள். படியை நான் நாள்தோறும் கழுவுகிறேன். விடிந்தால் தடங்கள் மீண்டும் அங்கே வந்து நிற்கின்றன.

அந்தக் காய்ச்சலில் நாங்கள் இழந்தவை: ஒரு பாய், ஒரு ஜோடி செருப்பு, என்னை "டி" போட்டு அழைத்தவள்.