மாமா விட்ட சிகரெட்

"வெட்கமா இல்லையா மாமா உங்களுக்கு? நீங்க ஊதற புகைக்கு அத்தை இருமணுமா?"

நனைந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டாள் ஜெம்மா. மார்ஸ்கேட் நகராட்சியில், சிகரெட்காரர்களை இ-சிகரெட்டுக்கு மாற்றி மெல்ல விடவைக்கும் பிரிவில் அவளுக்கு வேலை. இந்த வருஷம் அறுபது பேரை மாற்றிக் காட்டவேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. தேறியது பதினோரு பேர்தான். அந்தக் கவலையில் இருந்தபோது தாய்மாமா நெவிலே போன் செய்து, "அந்தக் கருவி ஒண்ணு கிடைக்குமா?" என்று கேட்க, மழையையும் பார்க்காமல் காரை எடுத்துவிட்டாள்.

நெவில், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். தலை குனிந்து டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தார். எதிரில் அவர் மனைவி டோரீன் கைக்குட்டையில் இருமி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். டோரீன் தேவாலயப் பாடகர் குழுவின் தலைவி. சிகரெட் பிடிப்பவர்கள் உடம்பைச் சாத்தானுக்கு வாடகைக்கு விடுகிறார்கள் என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் பாடம் எடுப்பவர்.

"டாக்டர் என்ன சொன்னார் அத்தை?"

"வீட்டில யாராவது சிகரெட் பிடிக்கறாங்களான்னு கேட்டார். பொய் சொல்ல முடியுமா? ஆமான்னேன். உடனே நிறுத்தலைன்னா இந்தக் குளிர்காலத்தை ஆஸ்பத்திரியிலதான் கழிக்கணும்னுட்டார்."

"கேட்டீங்களா மாமா? எனக்கு ஆறு வயசு இருக்கறப்போ தோட்டத்துக் கொட்டகையில சிகரெட் துண்டு கிடந்துது. 'என்னோடதுதான், யார்கிட்டயும் சொல்லிடாதே'ன்னு கெஞ்சினீங்க. முப்பது வருஷம் ஆச்சு. திருந்தினீங்களா?"

"இப்பத் திருந்தறேன்," என்றார் நெவில்.

ஜெம்மா பையிலிருந்து சின்ன மிஷினை எடுத்தாள். மூச்சுக்காற்றில் சிகரெட்டின் விஷவாயு எவ்வளவு கலந்திருக்கிறது என்று காட்டும் மிஷின். நெவில் முகம் சிவக்க ஊதினார். திரையில் இரண்டு என்று வந்தது.

"ரெண்டா? சாமியாருக்குக்கூட ரெண்டு வருமே!" மிஷினை மேசையில் தட்டினாள். "இன்னிக்கு எத்தனை பிடிச்சீங்க?"

"இன்னிக்கு ஒண்ணும் இல்லம்மா."

"அதுக்காக ரெண்டா? மிஷின்தான் கோளாறு. இருபத்திரண்டுன்னு எழுதிக்கறேன். உங்க வயசுக்கு அது சரியா இருக்கும்."

படிவத்தில் எழுதியும் விட்டாள். பிறகு இ-சிகரெட் கருவியை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து வைத்து, அதில் ஊற்றும் வண்ண வண்ணத் திரவக் குப்பிகளைப் பரப்பினாள்.

"எந்த வாசனை வேணும் மாமா? மாம்பழம், புதினா, ஸ்ட்ராபெர்ரி..."

நெவில் விழித்தார்.

"அந்தக் குழந்தைங்க சமாச்சாரமெல்லாம் எதுக்கு?" என்றார் டோரீன். "புகையிலை வாசனையே குடு. காரமா இருக்கறதா பார்த்துக் குடு. இல்லேன்னா ரெண்டே நாள்ல பழைய குருடி கதைதான்."

"மாமா, எப்பேர்ப்பட்ட பொண்டாட்டி பாருங்க உங்களுக்கு! சரி, ஒரு இழுப்பு இழுங்க."

நெவில் இழுத்தார். கண் பிதுங்க இருமினார். டீ கொட்டியது.

"அவசரப்படாதீங்க," டோரீன் பதறினார். "முதல்ல வாயில நிறுத்தி, அப்புறம் மெதுவா நெஞ்சுக்குள்ள இறக்கணும்... அப்படின்னு அட்டைப்பெட்டியில போட்டிருக்கு."

ஜெம்மா அத்தையின் கன்னத்தில் முத்தமிட்டாள். நெவில் அவளை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். குரலைத் தாழ்த்தினார்.

"ஜெம்மா, நிஜமாச் சொல்லு. சிகரெட்டை விட்டுட்டு இதுக்கு மாறினா அந்த இருமல் நிக்குமா? ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே தூங்கறா. என்னால பார்க்க முடியலை."

"அது உங்க கையிலதான் இருக்கு மாமா," என்றாள் ஜெம்மா கண்டிப்பாக.

நான்கு வாரம் கழித்து வந்தாள். இம்முறை கூடவே புகைப்படக்காரர் ஒருவர். நெவில் ஊதினார். மீண்டும் இரண்டு.

"இருபத்திரண்டிலிருந்து ரெண்டு!" ஜெம்மா கூவினாள். "எங்க பிரிவிலேயே இப்படி இறங்கினவங்க யாரும் இல்ல! அத்தை, உங்களுக்கு எப்படி இருக்கு?"

"பாதி இருமல் போயிடுச்சும்மா. போன ஞாயிற்றுக்கிழமை மூணு பாட்டு நின்னுகிட்டே பாடினேன்."

"பார்த்தீங்களா மாமா? நீங்க விட்டீங்க, அத்தைக்கு மூச்சு வந்துது!"

நெவிலின் கண்கள் நிஜமாகவே கலங்கின. புகைப்படக்காரர் அதை விடாமல் எடுத்துக்கொண்டார். 'மனவுறுதியின் மறுபெயர் நெவில்' என்று அச்சடித்த சான்றிதழைக் கொடுத்தாள் ஜெம்மா. நகராட்சி இதழில் அட்டைப்படமாக வரப்போகிறது என்றாள்.

அவள் கார் தெருமுனை திரும்பும்வரை இருவரும் கையசைத்தார்கள். கதவைச் சாத்தியதும் டோரீன் கை நீட்டினார்.

"சீக்கிரம் குடுங்க. ஒன்றரை மணி நேரமா அடக்கிகிட்டு உட்கார்ந்திருக்கேன்."

நெவில் சட்டைப் பையிலிருந்து கருவியை எடுத்துக் கொடுத்தார். பாடகர் குழுத் தலைவி ஆழமாக ஓர் இழுப்பு இழுத்து, கண்ணை மூடி, இரண்டு மூக்குத் துளை வழியாகவும் நிதானமாகப் புகையை விட்டார்.

வாழ்நாளில் ஒரு சிகரெட்கூடப் பிடித்திராத நெவில், சான்றிதழை மாட்ட ஆணி தேடிப் போனார்.